சாரதாம்பாளின் அடுப்புச் சுவர்

சாரதாம்பாளுக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் அடுப்புக்குப் பின்னாலிருந்த பலகைச் சுவர் தீப்பிடித்துக்கொண்டது.

பெரிய தீ இல்லை. அந்தச் சுவரில் அடித்திருந்த தகரம் எப்போதோ துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. கருவாடு பொரித்துக்கொண்டிருந்தபோது எண்ணெய் குப்பென்று எழும்ப, நெருப்பு அந்த ஓட்டை வழியாகப் போய் உள்ளே காய்ந்து கிடந்த பலகையைப் பற்றிக்கொண்டது. சாரதாம்பாள் கத்தவில்லை. சட்டியைத் தூக்கித் தரையில் வைத்தாள். ஈரச் சாக்கை எடுத்துச் சுவரில் அறைந்தாள். குடத்திலிருந்த தண்ணீரையெல்லாம் பலகையில் ஊற்றினாள். அவள் கணவர் ராஜரத்தினம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தபோது வெறும் புகைதான் மிச்சம் இருந்தது.

"என் தப்புத்தாங்க. எண்ணெய கூடுதலா ஊத்திட்டேன்" என்றாள், அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்னாலேயே.

ராஜரத்தினம் சுவரைப் பார்க்கவில்லை. அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் சுட்டுக்கொள்ளவில்லை என்று தெரிந்த பிறகுதான் சுவர் பக்கம் திரும்பினார். கருகிய பலகையை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"இது நல்லா இல்ல" என்றார். "செங்கல்லு கட்டணும். மேல பீங்கான் கல்லு ஒட்டணும். என்ன கல்லு, என்ன கலரு, நீ சொல்லு."

"உங்க இஷ்டங்க."

"நான் சமைக்கல. நீ சமைக்கிற. நீ சொல்லு."

அவள் தரையில் கிடந்த தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

அவள் பிறந்தது மலாயாவில், ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பாலெடுக்கப் பால்மரம் வெட்டப் போன பிறகு, வீட்டில் உலை வைப்பது சிறு வயதிலிருந்தே அவள் வேலை. பத்தொன்பது வயதில் பக்கத்து லயத்து வீட்டுப் பையன் ஒருவனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். தாலி கட்டும் முன் ஜப்பான்காரன் அவனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான். போனவன் வரவில்லை. அதே காலத்தில் பெற்றவர்களும் காய்ச்சலில் போய்விட்டார்கள். அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணி நல்லவள்தான். ஆனால் அடுப்படி அண்ணியுடையது, அரிசிப் பானை அண்ணியுடையது, எந்தக் கரண்டி எந்த ஆணியில் தொங்க வேண்டும் என்பதும் அண்ணி சொல்வதுதான். அதன்பின் மலாக்கா டவுனில் நல்லையா என்ற பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் சமையலுக்கு இருந்தாள். அங்கேயும் அப்படித்தான். சேலை எடுக்கும்போது மற்றவர்களுக்கு எடுத்து மிஞ்சியது அவளுக்கு. "சாரதாவுக்கு எதுன்னாலும் சரி" என்று எல்லோரும் சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

முப்பது தாண்டி, இனி அந்தப் பேச்சே இல்லை என்றிருந்தபோது, நல்லையா வாத்தியார்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தார். ராஜரத்தினம் காஜா பெராங்கில் இருக்கும் மலாக்காச் செட்டிக் குடும்பம். பேர் தமிழ், சாமி தமிழ், வாய் மட்டும் மலாய். நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலை. மனைவி இறந்து பல வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. வாத்தியார் வீட்டுக்கு மீட்டர் பார்க்க வரும்போதெல்லாம் சாரதாம்பாள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பாள். அவர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவார். பெண் பார்க்க வந்த அன்றும் அதையே செய்தார். அண்ணி சிரித்தாள். சாரதாம்பாளுக்கு மனது நிறைந்துபோயிற்று.

இருவரும் பேசிக்கொண்டது ஒரு மாதிரிக் கலவைப் பேச்சு. அவளுக்குச் சந்தை மலாய் நன்றாகவே வரும். அவரோ கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்காகத் தமிழ் பேசப் பழகிக்கொண்டிருந்தார். வார்த்தை கிடைக்காத இடத்தில் மலாயைப் போட்டு நிரப்பிக்கொள்வார்.

தீப்பிடித்ததற்கு மறுநாள் சாப்பிடும்போது அவர் மறுபடி ஆரம்பித்தார். ஊரிலுள்ள முக்கால்வாசி வீட்டுக் கொல்லைகளுக்கும் போய்வருகிறவர் என்பதால் அடுப்படிகளைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது. உஜோங் பாசிரில் போர்த்துக்கீசியர் வீடுகளில் தகரம்தான், உப்புக் காற்றில் வருடத்துக்கொரு முறை மாற்றுகிறார்கள். சீன பாபா வீடுகளில் பூப்போட்ட பீங்கான், பார்க்க அழகு, ஆனால் பூவின் இடுக்கிலெல்லாம் கரி ஏறிவிடும். மலாய்க்காரர்களின் கம்பத்து வீடுகளில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். வாத்தியார் வீட்டு வெள்ளைக் கல்லில் மஞ்சள் கறை போகாதே, அதை அவளுக்குச் சொல்ல வேண்டுமா?

"எல்லாம் நான் பாத்தது. நீ எது சுகா?" என்றார்.

சுகா என்றால் மலாயில் பிடிக்கும் என்று அர்த்தம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு, "சுகமாத்தாங்க இருக்கேன்" என்றாள்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். கேள்வி அன்றைக்கு அப்படியே நழுவிப் போய்விட்டது. அதற்காகத்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

விஷயம் பக்கத்து வீட்டு மீனாச்சியின் காதுக்குப் போனதும் வேகம் பிடித்தது. மீனாச்சி ராஜரத்தினத்தின் அக்கா; சாரதாம்பாள் அவளை மலாய் வழக்கப்படி கக்கா என்பாள். விதவை. சாரோங் கெபாயா கட்டி, கொண்டையில் ஊசி குத்தி, நடந்தால் தெருவே ஒதுங்கும்படி நடப்பாள். தம்பி தனியாக இருந்த வருடங்களில் இரண்டு வீட்டுக்கும் அவள்தான் பொங்கிப் போட்டாள். தமிழ் அவளுக்குச் சாமி கும்பிட மட்டும்தான் வரும். மற்றதெல்லாம் மலாய்.

"ஆம்பிளைக்குக் கல் பார்க்கத் தெரியுமா? நானும் சாரதாவும் போய்ட்டு வர்றோம்" என்று மலாயில் சொல்லி, ஒரு சைக்கிள் ரிக்ஷாவைக் கூப்பிட்டு அவளை ஏற்றிக்கொண்டு ஜாலான் பெண்டஹாராவிலிருந்த பீங்கான் கல் கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

கடை நீளமாக, குளிர்ச்சியாக இருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே சுவரோரமாகக் கற்களைச் சாய்த்து வைத்திருந்தார். மீனாச்சி நேராகப் பூக்கல் பக்கம் போனாள். ரோஜாப்பூ புடைத்து நிற்கும் கல், சுற்றிலும் கொடி, மூலையில் மொட்டு. ஒன்றை எடுத்து கெபாயா நுனியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"சாந்தேக்!" என்றாள். அழகு என்பதை அவள் சொன்ன விதத்தில் தவுக்கேகூடத் திரும்பிப் பார்த்தார்.

சாரதாம்பாள் தலையாட்டினாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் கடைக்குள் நுழைந்தபோதே அவள் கண் வேறிடத்தில் போய் நின்றிருந்தது. கதவுக்குப் பின்னால், சாக்குப் பை மேல், பூ இல்லாத வெறும் பச்சைக் கற்கள். வாழைக் குருத்து விரிந்த முதல் நாள் இருக்குமே, அந்தப் பச்சை. அவள் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று சில்லென்று இருந்தது. காரணம் ஒன்றும் இல்லாமலேயே அதன்மேல் கையை வைத்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

மீனாச்சி திரும்பிப் பார்த்தாள். "ஐயோ, அதையா பார்க்கிற? அது கோப்பிக்கடைச் சுவருக்கு ஒட்டுறது."

சாரதாம்பாள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

"ரோஜா நல்லா இருக்கில்ல?"

"நல்லா இருக்கு கக்கா."

அவ்வளவுதான். ரோஜாக் கற்கள் பெட்டிகளில் வைக்கோல் வைத்துக் கட்டப்பட்டு மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டன. ராஜரத்தினம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, "இதுதான் உனக்குச் சுகாவா?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றாள். அவர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெட்டியை மூடிவைத்தார்.

செங்கல் சுவர் எழும்பியது. கட்டியவர் பத்து பெரெண்டாமிலிருந்து வரும் சுப்பையன் கொத்தனார். வாய் ஓயாமல் பேசுகிறவர். தமிழ் கேட்கவே ஏங்கிக் கிடந்த சாரதாம்பாளுக்கு அவர் வந்தால் வீடே கலகலப்பாகிவிடும். சுவர் காய்ந்து, கல் ஒட்ட வேண்டிய நாளில் அவர் வரவில்லை. அன்றைக்குத்தான் பண்டா ஹிலிர் திடலில் மலாயாவின் சுதந்திரத் தேதியைச் சொல்லப்போகிறார்கள் என்று ஊரே திரண்டு போயிருந்தது. ராஜரத்தினமும் போய்விட்டுத் தொண்டை கட்டிப்போய்த் திரும்பினார். "அடுத்த வருஷம் ஆகஸ்ட்" என்று அவர் கரகரத்த குரலில் சொல்லவும், சாரதாம்பாள் அவருக்குச் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள்.

அடுப்பு இல்லாமல் கொல்லையில் மூன்று கல் கூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தாள் அப்போது. அந்த நாட்களில் பூசாத அந்தச் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் ரோஜாக்களை வைத்துப் பார்ப்பாள். தானாகவே அவை மறைந்து, அந்த இடத்தில் பச்சை வந்து நிற்கும். சீ, இதென்ன ஆசை என்று எழுந்து போய்விடுவாள். சின்னப் பிள்ளை மாதிரி! ஒரு சுவருக்குப் போயா? ஆனால் மறுபடி வந்து உட்கார்ந்தால் மறுபடி பச்சைதான்.

சுப்பையன் மறுநாள் விடிந்ததும் வந்தார். கற்களைத் தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டார். சிமிட்டியைக் குழைத்தார். மீனாச்சி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, மேற்பார்வை பார்க்க உட்கார்ந்துகொண்டாள். ராஜரத்தினம் வேலைக்குப் போகும் முன் முதல் கல்லைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று சைக்கிளைப் பிடித்தபடி கொல்லை வாசலில் நின்றார்.

"தங்கச்சி, முதல் கல்ல நீ தொட்டுக் குடு. வீட்டுக்காரி கையால வாங்கணும்" என்றார் சுப்பையன்.

சாரதாம்பாள் தொட்டியிலிருந்து ஒரு ரோஜாக் கல்லை எடுத்தாள். தண்ணீர் சொட்டியது. நீட்டினாள். சுப்பையன் பிடித்தார். அவள் விடவில்லை.

"விடு தங்கச்சி."

"வேணாம்ணே."

"என்னது வேணாம்?"

"இது வேணாம்."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. காது இரண்டும் சுட்டது. ஆனால் கல்லை மட்டும் விடவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சேலை நனைந்தது.

மீனாச்சிக்குத் தமிழ் வராவிட்டாலும் வேணாம் என்பது புரிந்தது. "என்னவாம்?" என்று தம்பியைப் பார்த்தாள்.

சுப்பையன் குழைத்த சிமிட்டியைக் காட்டினார். "கலக்கியாச்சேம்மா! இத நான் எங்க கொண்டுபோய் ஊத்த?"

ராஜரத்தினம் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள் சாரதாம்பாள். திட்டினால் கல்லைக் கொடுத்துவிடலாம், எல்லாம் முடிந்துவிடும். அவர் திட்டவில்லை. அவள் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"சொல்லு" என்றார்.

"பச்சை" என்றாள். "கடையில கதவுக்குப் பின்னால இருக்கு. பூவெல்லாம் இல்ல. வெறும் பச்சை. கோப்பிக்கடைக்குப் போடுறதாம்." அழுகை வந்துவிட்டது. "ஏன்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியல. பாத்ததும் பிடிச்சிருச்சு."

"நான் ஏன்னு கேக்கல" என்றார் ராஜரத்தினம். அவள் கையிலிருந்த ரோஜாக் கல்லை மெல்ல வாங்கித் தொட்டியில் போட்டார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பினார். "தாக் அப்பா, பரவால்ல அண்ணே. சிமிட்டி கெணத்தடிக்குப் பூசு. அங்க வெடிப்பு இருக்கு."

மீனாச்சி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று ராஜரத்தினம் வேலைக்குத் தாமதமாகத்தான் போனார். சாரதாம்பாளைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஜாலான் பெண்டஹாராவுக்கு மிதித்தார். வழியெல்லாம் நேற்றைய கூட்டத்தின் காகிதக் கொடிகள் சாக்கடையோரம் கிடந்தன. கதவுக்குப் பின்னால் கற்கள் அப்படியே இருந்தன. ஆனால் சுவர் முழுவதற்கும் போதாது, பாதி உயரத்துக்குத்தான் வரும் என்றார் தவுக்கே. இனிக் கப்பலில் எப்போது வருமோ தெரியாது. வேறு பச்சை இருக்கிறது, கொஞ்சம் கறுப்புக் கலந்தது, பார்க்கிறீர்களா?

தவுக்கேயும் ராஜரத்தினமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாரதாம்பாள் இரண்டு பச்சையையும் வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். கறுத்த பச்சை அவள் அடுப்படிக்கு இருட்டு. அங்கே வெளிச்சமே குறைச்சல். இரண்டையும் கலந்து ஒட்டினால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும்.

"இதுவே போதும்" என்றாள். "எண்ணெய் தெறிக்கிற உசரத்துக்கு ஒட்டிக்கலாம். மேல சுண்ணாம்பு அடிச்சிக்கலாம். அதுக்கு வருஷா வருஷம் நானே அடிப்பேன்."

"நீயேவா?"

"நானே."

திரும்பி வந்து சுப்பையனிடமும் அவள் அடங்கவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் கோடு மெல்லிசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கரி ஏறும் என்றாள். உப்பு ஜாடியும் புளிப் பானையும் வைக்க வலது கைப் பக்கம் ஒரு சின்னத் திட்டு வேண்டும் என்றாள். அதுவும் இந்த உயரத்தில் என்று கையை வைத்துக் காட்டினாள். சுப்பையன் கரணையைக் கீழே வைத்துவிட்டு, "நேத்து வரைக்கும் வாயத் தொறக்கல. இன்னைக்கு என்னமோ அணை உடைஞ்ச மாதிரி இருக்கே தங்கச்சி" என்று சிரித்தார். ஆனாலும் அவள் சொன்னபடியே செய்தார்.

சுவர் முடிந்தது. சாயங்காலத்தில் மேற்கு ஜன்னல் வழியாக வரும் கொஞ்சம் வெளிச்சம் அந்தப் பச்சையில் பட்டால் அடுப்படி முழுவதும் மரத்தடியில் நிற்பதுபோல் ஆகிவிடும். அது அவளே எதிர்பார்க்காதது.

ஆனால் மீனாச்சி வரவில்லை. தினமும் வேலிக்கு மேலாக ஒரு கிண்ணம் கை மாறுவது நின்றுபோயிற்று. சாரதாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. பிறந்த வீட்டை விட்டு வந்த தனக்கு வெற்றிலை மெல்லவும் இறால் பெலாச்சான் இடிக்கவும் கற்றுக்கொடுத்து, காய்ச்சலில் படுத்தபோது தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஒரு மத்தியானம் துணிந்து வேலியைத் தாண்டிப் போனாள்.

மீனாச்சி தன் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சாரதாம்பாள் வாசலில் நின்றாள். அப்போதுதான் அவள் முதன்முதலாக அந்தச் சுவரைக் கவனித்துப் பார்த்தாள். அடுப்புக்குப் பின்னால் அதே துருப்பிடித்த தகரம். அதன் ஓரத்தில், புகை படாத இடத்தில், ஏதோ பழைய காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய ஒரு ரோஜாப்பூப் படம். பழுப்பேறி, ஓரம் சுருண்டு இருந்தது.

"கக்கா" என்றாள். "கோவமா?"

மீனாச்சி மீனைத் திருப்பினாள். "எனக்கென்ன கோவம்? உன் வீட்டுச் சுவர். கொத்தனார் எதிரில வேண்டாம்னு சொன்னியே, கடையிலயே சொல்லியிருக்கலாம்."

"சொல்லத் தெரியல கக்கா. நான் யார்கிட்டயும் அப்படிச் சொன்னதே இல்ல."

மீனாச்சி நிமிர்ந்து பார்த்தாள். அவள் கோபம் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறியது.

"அந்த ரோஜாக் கல்லெல்லாம் பெட்டியோட சும்மா கெடக்கு" என்றாள் சாரதாம்பாள். "இந்தத் தகரமும் ஓட்டை விழுந்திருக்கு. என் வீட்டுல பிடிச்ச மாதிரி இங்கயும் தீப்பிடிச்சிரும். அத இங்க ஒட்டிரலாமா?"

"எனக்கு எதுக்கு? ஒத்தை ஆளு. யார் பார்க்கப் போறா?"

"நீங்க பார்ப்பீங்க."

மீனாச்சி கையைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மொட்டு மேல் பக்கம் வரணும். அந்தக் கொத்தனார் தலைகீழா ஒட்டிடப் போறான்" என்றாள்.

ஒட்டும் நாளில் நாற்காலி மீனாச்சி வீட்டிலேயே போடப்பட்டது. சாரதாம்பாள்தான் தொட்டியிலிருந்து கற்களை எடுத்துக் கொடுத்தாள். ரோஜாக்களின் இடுக்கில் கரி ஏறத்தான் செய்தது. மீனாச்சி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்து, பூப்பூவாகத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது அவளுக்குச் சலிப்பாக இருந்ததாக யாரும் சொல்ல முடியாது.

தீபாவளிக்கு ஜாசினிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி அடுப்படிக்குள் வந்து, திட்டையும் ஜாடிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "யாரு இப்படி வச்சது?" என்றாள். "நாந்தான் அண்ணி" என்றாள் சாரதாம்பாள். அண்ணி பழக்கத்தில் ஒரு கரண்டியை எடுத்து வேறு ஆணியில் மாட்டப் போனாள். பாதியில் நின்று, எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டு, "நல்லா இருக்கு சாரதா" என்றாள்.

ராஜரத்தினம் கூடத்தில் மேசை போட்டுச் சாப்பிடுகிற ஆள். அந்த வருடத்திலிருந்து அவர் அந்த மேசைப் பக்கமே போகவில்லை. வேலை விட்டு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு அடுப்படியில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அவள் தாளிப்பாள். அவர் அன்றைக்குப் போன வீடுகளின் கதையைச் சொல்லுவார். அவர் தமிழ் வளர்ந்துகொண்டே வந்தது, இலக்கணம் மட்டும் கடைசி வரை அவருடையதாகவே இருந்தது.

அப்படி ஒரு சாயங்காலம் அவள் மீன் சம்பாலைக் கிளறிக்கொண்டே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குது?" என்றார்.

"அந்த ஜன்னல் ரொம்பச் சின்னதுங்க. இன்னும் ரெண்டு பலகைய எடுத்துட்டா, பலாமரம் முழுசாத் தெரியும்."

அவர் எழுந்து போய்ப் பலகையைத் தட்டிப் பார்த்தார்.

"எந்த ரெண்டு?" என்று கேட்டார்.

அவள் கரண்டியாலேயே காட்டினாள்.